‘ஆம்’ என்று டிக் அடித்தேன்!

“எங்கே ஸார் வீடு?”

“சென்னீர்குப்பம்.”

“அட, பீச் ஹவுஸா ஸார்?”

ஆபீஸில் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பையனும் இதைத்தான் கேட்கிறான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பெயரில் நீர் இருக்கிறது, குப்பம் இருக்கிறது. குப்பம் என்றாலே கட்டுமரம், வலை, கருவாடு என்று மனசுக்குள் படம் ஓடும் இல்லையா? எங்கள் குப்பம் பூந்தமல்லியை ஒட்டி, ஆவடி போகிற ரோட்டில் இருக்கிறது. கடலுக்கும் எங்களுக்கும் நடுவே போரூர், வளசரவாக்கம், வடபழனி, கோடம்பாக்கம் என்று பாதி மெட்ராஸ் படுத்துக் கிடக்கிறது. தண்ணீர் லாரி ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது பின்னால் சளப்பென்று சிந்துமே, அதுதான் எங்கள் ஊரில் அலை.

இதை விளக்கி விளக்கி அலுத்துப் போய், கொஞ்ச நாளாக நான் விளக்குவதை விட்டுவிட்டேன். “ஆமாம்பா, தண்ணிப் பக்கம்தான்” என்று சொல்லிவிட்டு வவுச்சர் பார்க்க ஆரம்பித்து விடுவேன். அதன் விளைவு என்ன தெரியுமோ? அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் மட்டுமல்ல, அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி முழுக்க எனக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. ‘ஸார் நல்லா நீந்துவார்!’

நான் மறுக்கவில்லை. நாற்பத்தொரு வயதில், தொப்பையோடும் டிபன் கேரியரோடும் அலைகிற ஒரு மனுஷனைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை பேசினால் மறுக்கவா தோன்றும்?

சென்ற வருஷம் கம்பெனியில் ‘ஃபேமிலி டே’ என்று ஈ.சி.ஆர். பக்கம் அழைத்துப் போனார்கள். அங்கேதான் வந்தது வினை. வாட்டர் ஸ்கூட்டர் வடிவத்தில்.

* * *

வாட்டர் ஸ்கூட்டர் என்றால் சிலருக்குச் சட்டென்று புரியாது. ஜெட் ஸ்கி என்றால் புரியும். நியாயமாகப் பார்த்தால் ஜெட் ஸ்கி என்பது கவாஸாகி கம்பெனி தன் வண்டிக்கு வைத்த பெயர். நாம் எந்தக் கம்பெனி மெஷினில் நகல் எடுத்தாலும் ‘ஜெராக்ஸ்’ என்கிறோமே, அந்த மாதிரி உலகமே எல்லா வண்டியையும் ஜெட் ஸ்கி என்கிறது. சீ-டூ கம்பெனிக்காரர் காதில் விழுந்தால் வருத்தப்படுவார்.

நான் ஒரு விஷயத்தில் இறங்குவதற்கு முன் அதைப் பற்றிப் படித்து வைத்துக்கொள்கிற ஜாதி. (பிரஷர் குக்கர் வாங்கும்போதே மூன்று நாள் படித்தேன். வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.) ஃபேமிலி டே நோட்டீஸில் வாட்டர் ஸ்கூட்டர் என்று பார்த்ததும், ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாகப் படித்தேன். இறங்குவதாக உத்தேசமே இல்லை. அங்கே நின்று பையன்களுக்கு விளக்கம் சொல்லலாமே என்றுதான்.

படித்ததில் சுவாரஸ்யமானதைச் சொல்கிறேன்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் கிளேட்டன் ஜேக்கப்ஸன் என்ற அமெரிக்கர். மோட்டோகிராஸ் பைத்தியம். மேட்டிலும் பள்ளத்திலும் பைக் ஓட்டி, விழுந்து, சிராய்த்துக்கொண்டு கிடந்தபோது, ‘இதே விழுகையைத் தண்ணீரில் விழுந்தால் இவ்வளவு வலிக்காதே’ என்று தோன்றியதாம். 1960களில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டார். கனடாவின் பம்பார்டியர் கம்பெனி 1968-ல் சீ-டூ என்று ஒன்றைக் கொண்டு வந்தது. அது சரியாகப் போகாமல் மூட்டை கட்டி வைத்தார்கள். 1973-ல் கவாஸாகி ஜெட் ஸ்கி வந்தது. அதில் உட்கார முடியாது. நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். பஸ்ஸில் ஃபுட்போர்டு அடித்துப் பழகியவர்களுக்குச் சுலபம்; மற்றவர்களுக்குச் சர்க்கஸ்.

நடுவில் 1977-ல் ஜேம்ஸ் பாண்ட் புகுந்தார். ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மி’ படத்தில் ரோஜர் மூர், சூட் கசங்காத முகபாவத்தோடு வெட்பைக் என்ற ஒன்றில் ஏறிக் கடலில் போவார். பாண்ட் போனால் ஊரே போகும் இல்லையா? 1980களின் பிற்பாதியில் யமஹா, இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மாதிரி வண்டி கொண்டு வந்தது. பம்பார்டியரும் 1988-ல் பழைய சீ-டூ பெயரைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு மறுபடி வந்தது. குடும்பஸ்தர்களுக்கு விமோசனம் பிறந்தது அப்போதுதான்.

இன்றைய வண்டிகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பெரிய மாடல்களில் எஞ்சின் சக்தி 300 குதிரைக்கும் மேல். நம் ஸ்ப்ளெண்டருக்குச் சுமார் 8 குதிரை. ஆக, 37 ஸ்ப்ளெண்டர்களை ஒன்றாகக் கட்டித் தண்ணீரில் விட்ட மாதிரி. முன்பெல்லாம் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், புகையும் எண்ணெயும் தண்ணீரில் கக்கிக்கொண்டு போகும். 2002 வாக்கில் ஃபோர் ஸ்ட்ரோக் வந்து அந்தப் பாவம் கொஞ்சம் குறைந்தது. 2014 மாடலாக வந்த சீ-டூ ஸ்பார்க்கில் உடம்பை ஃபைபர்கிளாஸுக்குப் பதில் இலேசான பிளாஸ்டிக் கலவையில் செய்து, எடையையும் விலையையும் குறைத்தார்கள். 2018 மாடலிலிருந்து பாட்டுப் போட ஸ்பீக்கர் வைத்து விற்கிறார்கள். ஷேர் ஆட்டோ தொல்லை தண்ணீருக்கும் போய்விட்டது! 2019-ல் மீன் பிடிக்கவென்றே தனி மாடல். மீன் எங்கே இருக்கிறது என்று காட்டத் திரை. பிடித்த மீனை வைக்க ஐஸ் பெட்டி. குழம்பு மட்டும் நாம் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதுசாக ஓட்டுகிறவர்களுக்கென்று தனிச் சாவி உண்டு. அதைப் போட்டால் வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போகவே போகாது. கல்யாணமான புதிதில் என் மாமனார் டி.வி.எஸ். ஃபிஃப்டியை எனக்கு இரவல் கொடுப்பார். பெட்ரோலை அளந்து ஊற்றித்தான் கொடுப்பார். “மாப்ளே, பூந்தமல்லி போய் வர இது போதும்” என்பார். அதே தத்துவம்தான்.

இத்தனையும் மனப்பாடம் எனக்கு. பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு. ஆனால் தண்ணீருக்குள் வைத்தால்?

* * *

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு நீச்சல் தெரியாது. தெரியாது என்பதை விட, தெரிந்துகொள்ள விடவில்லை என்பது சரி. 1998 கோடை விடுமுறை. எட்டாவது பரீட்சை முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. என் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவன் ஏரியில் குளிக்கப் போனான். என்னையும் கூப்பிட்டான். அம்மா ரேஷன் கடைக்கு அனுப்பிவிட்டதால் நான் போகவில்லை. மத்தியானம் மண்ணெண்ணெய் கேனோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, ஜனங்கள் ஏரிப் பக்கம் ஓடினார்கள். நானும் கேனோடு ஓடினேன்.

அதற்கு மேல் எழுத வேண்டாம்.

அன்று ராத்திரி அம்மா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். “தண்ணிப் பக்கம் போகமாட்டேன்னு சொல்லு.” சொன்னேன். இருபத்தெட்டு வருஷமாகக் காப்பாற்றி வருகிறேன். மெரினாவுக்குப் போனாலும் மணலோடு சரி. குற்றாலம் போனபோது அருவியை ரசித்துவிட்டு, ஹோட்டல் பாத்ரூமில் பக்கெட்டில் குளித்தவன் நான்.

2015 டிசம்பர் மழையில் தண்ணீரே எங்களைத் தேடி வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் வரைக்கும்தான். நகரத்தின் மற்ற பக்கங்களில் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவில் இறங்கி பத்தடி நடப்பதற்குள் என் கால்கள் நடுங்கின நடுக்கம் இருக்கிறதே... பக்கத்து வீட்டுப் பாட்டி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பால் பாக்கெட்டோடு என்னைத் தாண்டிப் போனாள். “என்னப்பா, காலு மாட்டிக்கிச்சா?” என்று வேறு கேட்டாள்.

அந்தக் கைக்குழந்தை இப்போது ஆறாவது படிக்கிறான். இரண்டு வருஷமாக “நீச்சல் கிளாஸ் சேர்த்து விடுப்பா” என்கிறான். நானும் இரண்டு வருஷமாக “அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்” என்கிறேன். ஆபீஸில் நான் நீச்சல் வீரன். வீட்டில் நான் தள்ளிப்போடும் வீரன்.

* * *

நாங்கள் போன படகுத்துறையின் பெயர் வேண்டாம். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முட்டுக்காட்டிலும், மாமல்லபுரம் தாண்டி முதலியார்குப்பத்திலும் படகு இல்லம் நடத்துகிறதே, அவை இரண்டும் இல்லை. (முதலியார்குப்பத்தைப் பாருங்கள், அது நிஜமாகவே தண்ணீரை ஒட்டிய குப்பம்!) நாங்கள் போனது தனியார் இடம். அங்கே யார் மேலும் எனக்குக் குறை இல்லை. தப்பெல்லாம் அடியேன் பேரில்தான். பெயரைச் சொன்னால் அங்கிருக்கும் பையன்கள் என்னை அடையாளம் கண்டு சிரிப்பார்கள், அதனால்தான்.

நான் கரையில் நின்று புதுப் பையன்களுக்குப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

“இதில் பார், படகு மாதிரி வெளியே ப்ரொப்பெல்லர் கிடையாது. அடியில் ஒரு சல்லடை. அது வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். உள்ளே இம்பெல்லர்னு ஒரு விசிறி. அது தண்ணீரைத் தள்ளிப் பின்னால் ஒரு குறுகலான குழாய் வழியாகப் பீச்சியடிக்கும். தண்ணி பின்னால போனா, வண்டி முன்னால போகும். நியூட்டன்! ஹேண்டில்பாரைத் திருப்பினா பின்னால் அந்தக் குழாய் வாய் திரும்பும். அவ்வளவுதான். சக்கரமும் இல்லை, சுக்கானும் இல்லை.”

“சூப்பர் ஸார். அப்ப நீங்கதான் ஃபர்ஸ்ட் போறீங்க!”

வாயால் கெட்டது தவளை மட்டும்தான் என்று யார் சொன்னது?

“எனக்கு இதெல்லாம் பழக்கம்பா. நீங்க சின்னப் பசங்க போங்க” என்று நழுவப் பார்த்தேன். அப்போது என் மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பா, உனக்கு நிஜமாவே நீச்சல் தெரியுமா?” என்றான், எல்லோர் காதிலும் விழும்படி.

மேஜையில் ஒரு படிவம் இருந்தது. பெயர், வயது, இதய நோய் உண்டா, நீச்சல் தெரியுமா: ஆம் / இல்லை. பேனா என் கையில். பின்னால் ஏழு புதுப் பையன்கள், பக்கத்தில் மகன், கொஞ்சம் தள்ளிக் கைப்பையோடு மனைவி. அவளுக்கு மட்டும் உண்மை தெரியும். அவள் கண்ணாலேயே ‘வேண்டாங்க’ என்றாள்.

‘ஆம்’ என்று டிக் அடித்தேன்.

அக்கவுண்ட்ஸ் வேலையில் இருபது வருஷமாக ஒரு பொய்க் கணக்கு எழுதியதில்லை ஸார். அன்று எழுதினேன்.

* * *

வண்டி ஓட்டுகிற தம்பிக்கு இருபது வயசுதான் இருக்கும். கடற்கரைக் கிராமத்துப் பையன். லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டான். கீழ்ப் பட்டி என் தொப்பையைத் தாண்டி வரவில்லை. “இருக்கட்டும்பா, மேல மட்டும் போட்டா போதும்” என்றேன். “இல்லண்ணா, கீழ போடலேன்னா ஜாக்கெட்டு மட்டும் மேல வரும், நீங்க உள்ளயே இருப்பீங்க” என்று சிரித்துக்கொண்டே, பட்டியை முழுசாக இழுத்துவிட்டு மாட்டினான்.

அப்புறம் ஒரு சுருள் வயர். பழைய டெலிபோன் ரிசீவரில் இருக்குமே, அந்த மாதிரி. ஒரு முனையை வண்டியில் மாட்டினான். இன்னொரு முனையை என் மணிக்கட்டில் கட்டினான். “நீங்க விழுந்தா இது புடுங்கிக்கும், எஞ்சின் ஆஃப் ஆயிடும். வண்டி உங்கள விட்டுட்டு மகாபலிபுரம் போகாது.”

நான் முன்னால், அவன் பின்னால். ஓடைக்குள் மெதுவாக அவனே கையை நீட்டி ஓட்டிக்கொண்டு வந்தான். அகலமான இடம் வந்ததும், “இப்ப நீங்க ஓட்டுங்கண்ணா. ரேஸ் இந்த லீவர்ல. ஒண்ணே ஒண்ணு: திரும்பும்போது ரேஸை விட்றாதீங்க” என்றான்.

“தெரியும், தெரியும்” என்றேன். படித்திருக்கிறேனே!

லீவரை அழுத்தினேன். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. முகத்தில் உப்புத் தண்ணீர், காதில் காற்று, கரையில் புள்ளியாக என் குடும்பம். உண்மையைச் சொல்கிறேன், அந்த அரை நிமிஷம் நான் ரோஜர் மூர்தான். தொப்பை வைத்த ரோஜர் மூர்.

அப்போதுதான் எதிரே நங்கூரம் போட்டு நின்ற படகைப் பார்த்தேன்.

இருபது வருஷமாக ஆவடி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன் நான். குறுக்கே மாடு வந்தால், மண் லாரி வந்தால், ராங் சைடில் காலேஜ் பையன் வந்தால் என் கை என்ன செய்யும் என்று என்னைக் கேட்காது. ஆக்ஸிலேட்டரை விடும், ஹேண்டில்பாரை ஒடிக்கும். அதைத்தான் செய்தது. லீவரை விட்டேன். ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினேன்.

வண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தது!

இந்த இடத்தில் கதையை ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். தண்ணீர் பீச்சியடிக்கும் திசையால்தானே வண்டி திரும்புகிறது? ரேஸை விட்டால் பீச்சு இல்லை. பீச்சு இல்லை என்றால் திருப்பம் இல்லை. ஹேண்டில்பார் வெறும் அலங்காரம். அதாவது ஆபத்து வந்தால் ரோட்டில் எதைச் செய்தால் பிழைப்போமோ, தண்ணீரில் அதையே செய்தால் போய் மோதுவோம். 1998-ல் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த வண்டிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. மற்ற உல்லாசப் படகுகளில் சாவுக்கு முதல் காரணம் மூழ்குவது. இதில் மட்டும் மோதி அடிபடுவது என்று சொன்னது. ரேஸை விட்டால் திரும்பாத இந்தக் குணத்தையும் குறிப்பிட்டது. அதன் பிறகு கம்பெனிகள் விழித்துக்கொண்டன. ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி ரேஸை விட்டால், எஞ்சின் தானே கொஞ்சம் தள்ளிக் கொடுத்துத் திரும்ப உதவுகிற ஏற்பாடு சில மாடல்களில் வந்தது. 2009-ல் சீ-டூ நிஜமான பிரேக்கே கொண்டு வந்தது. சைக்கிள் மாதிரி இடது கையில் ஒரு லீவர். பிடித்தால், பின்னால் பீச்சுகிற குழாய் வாய்க்கு மேல் ஒரு மூடி கவிழ்ந்து தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பிவிடும். வண்டி நிற்கும். யமஹாவும் 2015 மாடலில் அதே மாதிரி ஒன்று கொடுத்தது.

300 குதிரை, ஸ்பீக்கர், ஐஸ் பெட்டி எல்லாம் இருக்கட்டும். இந்த வண்டிகளின் ஐம்பது வருஷ முன்னேற்றத்தில் எது பெரிசு என்று கேட்டால், என் ஓட்டு இந்த பிரேக்குக்குத்தான்.

என் வண்டியில் அது இல்லை. பழைய மாடல்.

“ரேஸ் குடுங்கண்ணா!” என்று கத்திக்கொண்டே தம்பி பின்னாலிருந்து பாய்ந்து என் விரலோடு சேர்த்து லீவரை அழுத்தினான். பீச்சு வந்தது. ஹேண்டில்பார் முழுக்கத் திரும்பியிருந்ததால் வண்டி சட்டென்று படகை விட்டு ஒடிந்து திரும்பியது. திரும்பியது வண்டி மட்டும்தான். நான் நேராகப் போனேன்.

* * *

தண்ணீருக்குள் சத்தமே இல்லை. அதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. மூக்கில் உப்பு. கண்ணில் பழுப்பு வெளிச்சம். எட்டாவது வகுப்பு, மண்ணெண்ணெய் கேன், ஏரிக்கரை எல்லாம் ஒரே வினாடியில் வந்து நின்றன. ‘நீயும் வந்துட்டியா?’ என்று அவன் கேட்பது போல இருந்தது.

அடுத்த வினாடி யாரோ என் கக்கத்தைப் பிடித்து மேலே தூக்கினார்கள். யாரும் இல்லை, லைஃப் ஜாக்கெட்! கீழ்ப் பட்டி மாட்டிய லைஃப் ஜாக்கெட். பாட்டில் மூடி மாதிரி மேலே வந்து மிதந்தேன். இருமினேன். மூச்சு வந்தது. உலகத்தில் மூச்சு மாதிரி ருசியான பதார்த்தம் வேறு இல்லை ஸார்.

வயர் வேலை செய்திருந்தது. எஞ்சின் அணைந்து, வண்டி பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிச் சமர்த்தாக ஆடிக்கொண்டிருந்தது. தம்பி அதன் மேல் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான்.

“ஒண்ணும் ஆகலியே? வாங்கண்ணா!”

“நீ இங்கே வாப்பா!”

“எப்படிண்ணா வர்றது? கிளிப் உங்க கையில இருக்குது. அத மாட்டாம ஸ்டார்ட் ஆகாது. நீந்தி வாங்க, பத்தடிதானே!”

மணிக்கட்டைப் பார்த்தேன். சுருள் வயர், முனையில் கிளிப். ஆக, வண்டியைக் கிளப்பும் உரிமை என்னிடம்; வண்டி அவனிடம். நடுவில் பத்தடி தண்ணீர். ‘ஆம்’ என்று டிக் அடித்தவன் கடக்க வேண்டிய பத்தடி.

கையைக் காலை உதைத்துப் பார்த்தேன். இருந்த இடத்திலேயே வட்டமடித்தேன். மூன்றாவது வட்டத்தில் வெட்கத்தை விட்டேன்.

“தம்பி... எனக்கு நீச்சல் தெரியாது.”

அவன் சிரிப்பு நின்றது. ஒரு வார்த்தை பேசாமல் குதித்தான். நாலே வீச்சில் வந்து, என் ஜாக்கெட்டைத் தோள் பட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். வண்டியின் பின்பக்கம் ஏறுவதற்கு மடக்குப் படி இருந்தது. என்னைத் தள்ளி ஏற்றினான். கிளிப்பை வாங்கி மாட்டினான். எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டான்:

“தெரியும்னு எழுதி இருந்தீங்களேண்ணா?”

பதில் சொல்லவில்லை.

“தெரியாதுன்னு எழுதினா ஒண்ணும் தப்பில்லண்ணா. நிறைய பேருக்குத் தெரியாது. உங்க கையில ஹேண்டில குடுத்திருக்க மாட்டேன், நானே ஓட்டிக் காட்டியிருப்பேன். அவ்வளவுதான். தெரியும்னு எழுதினாதான் ஆபத்து.”

இருபது வயசுப் பையன். அவ்வளவு பெரிய விஷயத்தை அவ்வளவு சின்னதாகச் சொல்லிவிட்டான்.

* * *

கரையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. “ஸார் வேணும்னே டைவ் அடிச்சாரு பாத்தீங்களா!” என்று கைதட்டினார்கள். என் புகழ் இன்னும் ஒரு படி ஏறியது. மனைவி மட்டும் டவலைக் கொடுத்துவிட்டு, அதன் நுனியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். வேனில் வீடு வரும் வரை பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த வண்டியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ரோட்டு வண்டி செய்கிறவன், நாம் விழமாட்டோம் என்ற நம்பிக்கையில் செய்கிறான். இதைச் செய்தவன், ‘இவன் கட்டாயம் விழுவான்’ என்று முடிவு கட்டிக்கொண்டே செய்திருக்கிறான். விழுந்தால் அணைய வயர். விழுந்தவனைக் கிழிக்காமல் இருக்க ப்ரொப்பெல்லரே வெளியில் இல்லை. மறுபடி ஏறப் பின்னால் படி. வண்டியே கவிழ்ந்தால் எந்தப் பக்கமாகப் புரட்டி நிமிர்த்த வேண்டும் என்று பின்புறம் அம்புக்குறி போட்டு ஒரு ஸ்டிக்கர். தப்பான பக்கம் புரட்டினால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடுமாம். ‘விழு, பரவாயில்லை, ஏறிக்கொள்ளலாம்’ என்று சொல்கிற யந்திரம் இது. இந்த நவீன வாகனத்தின் தனிச்சிறப்பு என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதற்காக அது சர்வரோக நிவாரணி இல்லை. 2015-ல் எங்கள் தெருவுக்கு 300 குதிரை வண்டியைக் கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடியில் அறுபது முதல் தொண்ணூறு சென்டிமீட்டர் தண்ணீராவது வேண்டும் என்கிறார்கள். அதற்குக் குறைந்தால் மண்ணையும் கல்லையும் உறிஞ்சி இம்பெல்லர் போய்விடும். ஒரு கேரி பேக் சல்லடையில் சிக்கினாலே மூச்சு முட்டும். எங்கள் தெருத் தண்ணீரில் கேரி பேக்குக்கா பஞ்சம்? அந்த மழையில் சென்னை ஜனங்களைக் காப்பாற்ற வந்தது மீனவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த ஃபைபர் படகுகள். அதை ஓட்டியவர்களுக்கு நீச்சல் தெரியும். அதுதான் அதில் முக்கியமான பாகம்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். மகாபலிபுரம் போகிறோம் என்று மட்டும்தான் முன்பு சொல்லியிருந்தேன். இருபத்தெட்டு வருஷ சத்தியம் உடைந்ததையும், எப்படி உடைந்தது என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. மூன்று நாள் என்னோடு பேசவும் இல்லை.

நாலாம் நாள் காபி கொடுக்கும்போது சொன்னாள்:

“அந்தப் புள்ளைக்கும் நீச்சல் தெரிஞ்சிருந்தா வந்திருப்பான். உன்னத் தண்ணிகிட்ட விடாம வெச்சது காப்பாத்துறதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “பேரனைச் சேத்து விடு. நீயும் சேந்துக்க” என்றாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி பக்கம் ஒரு நீச்சல் குளத்துக்கு நானும் மகனும் போனோம். காலை ஆறு மணி. என் பேட்ச்சில் மொத்தம் ஒன்பது பேர். எட்டுப் பேருக்கு வயசு பத்துக்குக் கீழே. கோச் என்னைப் பார்த்து, “ஸார், பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் உட்காரணும்” என்றார். “நான் ஸ்டூடன்ட் ஸார்” என்றேன்.

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், வயது, இதய நோய் உண்டா, நீச்சல் தெரியுமா: ஆம் / இல்லை.

மகன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

‘இல்லை’ என்று டிக் அடித்தேன். அழுத்தி அடித்தேன்; மை அடுத்த பக்கத்திலும் தெரிந்தது.